அறிவிப்புப் பலகையில் தமிழ் சிதைந்து கிடந்தால், படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதால் ஏதாவது மாறுமா?

மாறும். ஆனால் சிரிப்பு எமோஜியோடு போடும் படத்துக்குப் பகிர்வுதான் ஏறும், பலகை அப்படியே நிற்கும். நீங்கள் பார்த்தது சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டிய அறிவிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். அதிகாரத்துவ மொழி ஒன்றுக்கு இந்தக் கதியா என்ற கோபம் நியாயமானதே.

முதலில் பிழை எந்த வகை என்று பாருங்கள். "பொது" என்ற சொல்லில் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் விழுந்திருந்தால், மொழிபெயர்த்தவர்மேல் குற்றமில்லை. கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் பதிவாகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. இன்டிசைன், ஃபோட்டோஷாப் போன்ற வடிவமைப்பு மென்பொருளில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்ட் ரெடி' அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் வேர்டு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் அந்த வேலை நடக்காமல் போகலாம். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு வித்தியாசம் தெரியாது. தமிழ் தெரிந்தவரோ வேர்டு கோப்பைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போயிருப்பார். அச்சுக்குப் போகும் பிடிஎஃப் அவரிடம் திரும்பி வந்திருக்காது. கேட்க வேண்டியது அதைத்தான்: கடைசிப் பிடிஎஃபைத் தமிழ் படிக்கத் தெரிந்த யார் பார்த்தார்கள்?

சதுரக் கட்டங்கள் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குவிந்திருந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை வேறு எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். எழுத்தெல்லாம் சரி, பொருள்தான் இல்லை என்றால் மட்டும் மொழிபெயர்ப்பைக் குறை சொல்லுங்கள். 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைந்ததும், 2022இல் அரசாங்க மொழிபெயர்ப்புத் தளம் பொதுமக்களுக்குத் திறந்ததும் நல்ல காரியங்கள். ஆனால் அவை சொல்லைத் திருத்த உதவும். அச்சுக்கூடத்தில் தவறிய கொம்பை எடுத்து வைக்காது.

இரண்டு படம் எடுங்கள்: எழுத்து தெரியும்படி ஒன்று, புளோக் எண் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று. படத்தின்மேலேயே தேதியை எழுதுங்கள். ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் படத்துக்குள் இருக்கும் நாள், இட விவரங்களை நீக்கிவிடும். குழு குழுவாகப் போகையில் நீங்கள் எழுதிய குறிப்பும் உதிர்ந்துபோகும். எப்போதோ திருத்திய பலகை இன்றைக்கும் 'இப்போதுதான் பார்த்தேன்' என்று சுற்றி வருவது இதனால்தான். சரியான வாசகத்தைப் படமாக இல்லாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள், அவர்கள் நகலெடுக்க வேண்டுமே! இவ்வளவையும் முதலில், குடியிருப்பு வட்டாரப் புகார்களுக்கான அரசாங்கச் செயலியான ஒன்சர்வீஸ் வழியாக அனுப்பிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அசைவில்லை என்றால் அந்த எண்ணோடு பதிவு போடுங்கள். திருத்தினால் அதே பதிவில் புதுப் படத்தைச் சேருங்கள்.

'பிழை செய்தவனுக்கு வக்காலத்தா?' என்று சிலர் வருவார்கள். இல்லை. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. பலகையைக் கடந்து போகிறவர்களில் அதைப் படிக்கக்கூடியவர்கள் சிலரே. அந்தச் சிலரை ஒன்றுசேர்க்கும் இடம் இன்று சமூக ஊடகம்தான். அதைக் கேலிக்குச் செலவழித்துவிட்டால் வேலைக்கு யாரும் மிஞ்சமாட்டார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நம் அமைப்புகளே தமிழ் நிகழ்ச்சி அழைப்பை வெறும் சுவரொட்டிப் படமாகப் பகிர்கின்றன, மேலே இரண்டு வரி ஆங்கிலத்தில். தமிழில் தேடுகிறவருக்கு அது கிடைக்காது. பார்வையற்றவரின் கைப்பேசியால் அதை ஒழுங்காக வாசித்துக் காட்டவும் முடியாது. ஏப்ரல் தமிழ்மொழி விழா அழைப்புகளிலும் இதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தேதி, நேரம், இடம், பேசுபவர் பெயர் நான்கையும் பதிவிலேயே தமிழில் தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது.