தங்க ரேக்கும் சேற்றுப்புண்ணும்

கேள்வி: நாற்று நடுவதையும் அடுப்பு ஊதுவதையும் அச்சு அசலாக வரைந்துவிட்டு ‘சமூக யதார்த்தம்’ என்கிறார்கள். இதற்குக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதாதா? தங்க ரேக்கு (தங்கத் தகடு) ஒட்டிய கிருஷ்ணர் படம் இருக்கிற தஞ்சாவூர் வீட்டில் இதையெல்லாம் யார் மாட்டுவார்கள்?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: மாட்ட மாட்டார்கள்தான். சுவரில் யாருக்கு இடம் என்பதுதானே சண்டையே! பிரான்சில் கூர்பே என்ற ஓவியர் 1849-ல் கல்லுடைக்கும் இருவரைப் பெரிய துணியில் வரைந்தார். ராஜாவுக்கும் சாமிக்கும் உரிய அளவில் கிழிந்த சட்டைக்காரர்களா என்று அங்கேயும் முகம் சுளித்தார்கள்.

அதே நாட்டு ஓவியர் மில்லே 1857-ல் வரைந்த, கதிர் பொறுக்கும் பெண்களின் படத்தைத் தேடிப் பாருங்கள். முன்னால் மூன்று பெண்கள், இரண்டு பேர் நன்றாகக் குனிந்து, உதிர்ந்த கதிரைப் பொறுக்குகிறார்கள். பின்னால் மலை மலையாய்க் கதிர்ப்போர். வலது ஓரத்தில், குதிரைமேல் ஒரு கண்காணி, எறும்பு அளவுக்கு. யாரைப் பெரிதாக்குவது, யாரைச் சிறிதாக்குவது என்ற அந்தக் கணக்கு ஓவியருடையது. நல்ல புகைப்படக்காரரும் அதைப் போடுவார். ஆனால் நீங்கள் சொன்னது கைப்பேசியை.

சரி, நம் ஊருக்கு வருவோம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் இளையராஜாவை 2021-ல் கொரோனா கொண்டுபோனது. கறுத்த நம்மூர்ப் பெண்களை, வீட்டுக்குள் விழும் வெளிச்சத்தில் உட்காரவைத்து வரைந்தவர். சிவப்பு முகங்களையே பார்த்துப் பழகிய பத்திரிகை வாசகருக்கு அது பெரிய மாறுதல். ஆனாலும் அவர் படங்களைச் சமூக யதார்த்தம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அழகு முந்திக்கொள்கிறது, உழைப்பு பின்னால் நிற்கிறது.

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருப்பதும் இங்கேதான். பச்சை வயல், வரிசையாகக் குனிந்த முதுகுகள் என்று நின்றுவிட்டால் அது உரக்கடைக் காலண்டர். நடவுக்காரம்மாவின் கால்விரல் இடுக்கைப் பாருங்கள். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்து அப்பியிருப்பார், அது செங்கல் நிறத்தில் காய்ந்து வெடித்திருக்கும். அதோடு மறுநாளும் சேற்றில் இறங்குவார். அந்த நிறத்தைக் குழைக்கத் தெரிந்தவரைத்தான் நான் தேடுகிறேன்.

அப்புறம், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்ட நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறாரே விவசாயி, அவரை யாராவது ஆளுயரத்துக்கு வரைந்தால் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மாட்டாவிட்டால் போகிறது, எங்கள் பத்திரிகை அட்டையில் போடுகிறேன்.