கணினிக் குற்றம்: வக்கீலிடம் கேளுங்கள்

கே: கணினிக் குற்றம், சைபர் கிரைம் இரண்டும் ஒன்றா சார்? தேர்வுக்குப் படிக்கிறேன்.

பேச்சு வழக்கில் ஒன்றுதான். ஆனால் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 'சைபர் கிரைம்' என்பதற்கு விளக்கமே கிடையாது. எந்தெந்தச் செயல் குற்றம் என்று பிரிவு பிரிவாகச் சொல்லியிருக்கும். 'கணினி' என்பதில் செல்போனும் அடங்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

கே: என் லேப்டாப்பை பஸ்ஸில் திருடிவிட்டார்கள். இது கணினிக் குற்றமா?

இல்லை, சாதாரணத் திருட்டு. திருடியவன் அதிலிருந்து உங்கள் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி மோசடி செய்தால் அதே சட்டத்தின் 66சி பிரிவும் (அடையாளத் திருட்டு) சேரும்.

கே: வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. பழைய பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்தது. உள்ளே போய் நான் தயாரித்த எக்செல் பைல்களை எடுத்துக்கொண்டேன். நான் செய்த வேலைதானே சார்?

வீட்டைக் காலி செய்தவரிடம் சாவி மிச்சமிருந்தால், வீட்டுக்குள் போகலாமா? பாஸ்வேர்ட் தெரிவது வேறு, அனுமதி வேறு. 43-ஆம் பிரிவு பார்ப்பது அனுமதியைத்தான். அனுமதியில்லாமல் நுழைந்தாலோ நகல் எடுத்தாலோ நஷ்டஈடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, உங்கள் எண்ணம் என்ன என்பதில்தான் வழக்கே நிற்கும். அந்தப் பைல்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். பயந்துபோய் அழிக்கவும் செய்யாதீர்கள். மறுபடி உள்ளே போகாமல், இந்த வாரமே ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

கே: முகநூலில் அரசைத் திட்டினால் 66ஏ பாயும் என்கிறார்களே?

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்ற அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது.

கே: போலீஸ் உடையில் ஒருவன் வீடியோ காலில் வந்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டியதில் அப்பா நேற்றிரவு 4 லட்சம் அனுப்பிவிட்டார். வெளியே சொல்லவே கூசுகிறார்.

முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க முடிந்தால்தான் உண்டு. பேங்க் மெசேஜில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ காலில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அவன் செய்தது 66டி, ஆள்மாறாட்ட மோசடி. என்னிடம் வந்த பெரியவர் ஒருவர், பாத்ரூம் போகக்கூட கேமராவைப் பார்த்து அனுமதி கேட்டேன் என்று சொல்லும்போதே கை நடுங்கினார். "ஏன்பா அனுப்பினீங்க?" என்று அப்பாவை இன்று கேட்காதீர்கள். புகார் கொடுக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள்.