வாட்ச்சை விடுங்கள், மனைவி சொன்னதைக் கவனியுங்கள்

கேள்வி: என் வயது 47. ஸ்மார்ட் வாட்ச்சில் தினமும் ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தான் காட்டுகிறது, தூக்க மதிப்பெண் 60-ஐத் தாண்டுவதில்லை. என் அப்பா தூக்கத்திலேயே இறந்தவர். எனக்கும் அப்படி ஆகிவிடுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த 40 நிமிடத்தை மறந்துவிடுங்கள். எது ஆழ்ந்த தூக்கம், எது கனவுத் தூக்கம் என்று பிரிக்க மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு உங்கள் வாட்ச் பார்ப்பது கை அசைவையும், தோலில் பச்சை வெளிச்சம் பாய்ச்சி எண்ணும் நாடித் துடிப்பையும்தான். மீதி எல்லாம் கணிப்பு. விழித்துக்கொண்டே அசையாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தாலும் பல நேரம் தூக்கம் என்றே எழுதிக்கொள்ளும். வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைவதும், இரவில் ஓரிரு முறை விழிப்பு வருவதும் இயல்பு. இந்த மதிப்பெண் கவலையாலேயே தூக்கம் கெடுவதற்கு 2017-ல் 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "குறட்டை திடீரென்று நின்றுபோகிறது, அப்புறம் மூச்சுத் திணறிப் புரள்கிறேன் என்கிறாள் மனைவி." முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது அதுதான்.

நான் சந்தேகிப்பது 'ஸ்லீப் ஏப்னியா', அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. பத்து வினாடி, சில நேரம் அரை நிமிடத்துக்கும் மேல். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உங்களை உலுக்கி எழுப்புகிறது, காலையில் அது நினைவிருக்காது. மூச்சு இப்படி நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 5 முறைக்கு மேல் போனால் அது நோய், 30 முறை என்றால் கடுமையானது. இரண்டு மாத்திரை போட்டும் இறங்காத உங்கள் பி.பி., காலைத் தலைவலி, மதியம் கம்ப்யூட்டர் முன்னால் சொக்கிப்போவது, மூன்றுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வாட்ச்சில் ஆக்சிஜன் 96 என்று ஆறுதல் அடைய வேண்டாம். பல வாட்ச்சுகள் விட்டுவிட்டுத்தான் அளக்கின்றன.

மைத்துனருக்கு எழுதிக் கொடுத்த, தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரையை 'எப்போதாவது' போடுவதாகச் சொல்கிறீர்கள். இனி தொடாதீர்கள். அது தொண்டையை இன்னும் தளர்த்தும், மூச்சு நின்றால் உங்களை எழுப்ப வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். இரவில் மது அருந்தினாலும் இதே கதிதான். யாருக்கோ எழுதிய தூக்க மாத்திரையை வீட்டுக்குள் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்பாவுக்கு என்ன நேர்ந்தது என்று உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு இருப்பதாக நான் சந்தேகிப்பது, கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியது. நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்வார்கள். சிலருக்கு வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தேவைப்பட்டால் மூக்கில் மாட்டிக்கொள்ளும் சிபாப் கருவி மூச்சுப் பாதையை அடைபடாமல் திறந்து வைத்திருக்கும். எடை குறைந்தாலும் பலன் உண்டு.

அவிநாசி சாலை சிக்னலில் காரிலேயே கண் அயர்ந்தீர்களாமே. பரிசோதனை முடிந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஸ்டீயரிங் பிடிக்காதீர்கள்.

இன்று இரவு நீங்கள் தூங்கும்போது மனைவியை செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், குறட்டை நிற்கிற இடம் அதில் இருக்கட்டும். மருத்துவரிடம் போகும்போது அதையும் பி.பி. சீட்டையும் கொண்டுபோங்கள், முடிந்தால் மனைவியையும் அழைத்துப்போங்கள்.