பப்பில் யாரும் நம்மைக் கவனிக்கவில்லை என்றால்: டெர்பித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். இங்கிலாந்தில் இருக்கும் டெர்பிக்கு நீங்கள் வந்து சில மாதம்தான் ஆகிறது. ஒரு ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் மனைவி, குழந்தையோடு வீட்டுப் பக்கத்து பப்புக்குப் போயிருக்கிறீர்கள். மேசையில் உட்கார்ந்து வெகுநேரம் காத்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கேட்டால் கிச்சன் மூடியாகிவிட்டது என்றார்கள். சரி என்று வாங்கிய பீரிலும் குளிர்ச்சி இல்லை. ஆனால் இணையத்தில் அந்த இடத்துக்கு நாலரை நட்சத்திரம். "நம்ம நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி நடத்தினார்களா அண்ணா?" என்று கேட்கிறீர்கள். கூடவே, அடுத்த மாதம் ஊரிலிருந்து வரும் சைவ மாமனாரைப் பப்புக்கு அழைத்துப் போகலாமா என்றும்.

நீங்கள் சொன்ன மூன்றையும் வைத்துப் பார்த்தால், நிறம் காரணமில்லை என்றே நினைக்கிறேன். அன்று உங்கள் இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மேசையில் உட்கார்ந்திருந்தால் அவர்களையும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சந்தேகம் வந்தது தப்பே இல்லை. பப்பின் வழக்கம் எது, அவமரியாதை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் நிஜமாகவே ஒருவன் நம்மை ஒதுக்கும்போது பளிச்சென்று தெரியும். அதனால் வழக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இங்கே பெரும்பாலான பப்புகளில் மேசைக்கு யாரும் வர மாட்டார்கள். நாம்தான் பாருக்குப் போய், வேண்டியதைச் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். சாப்பாடு என்றால் மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். குடிப்பதை நாமே தூக்கி வர வேண்டும், தட்டு மட்டும் மேசைக்கு வரும். பாரில் வரிசை இருக்காது, ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பவர் தவறிப்போய் உங்களிடம் முதலில் கேட்டால், "இவர் எனக்கு முன்னால் வந்தார்" என்று கையைக் காட்டுங்கள். அந்த ஒரு சொல்லில் கிடைக்கும் மரியாதை வேறு எதிலும் கிடைக்காது. நோட்டை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, "எக்ஸ்கியூஸ் மீ" என்று குரல் கொடுப்பது எல்லாம் வேண்டாம். கண்ணில் படுகிற மாதிரி நின்றால் போதும். லண்டன் பக்கம் சாப்பாட்டுக்குப் பேர்போன பப்புகளில் மேசைக்கு வந்து கேட்பார்கள், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் சில கம்பெனிப் பப்புகளில் மேசையில் இருந்தபடியே செயலியில் சொல்லிவிடலாம். சந்தேகமாக இருந்தால், உள்ளே நுழைந்ததும் பாரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கிச்சன். பார் இரவு 11 வரை திறந்திருக்கலாம், கிச்சன் அப்படியில்லை. பல இடங்களில் மதியம் 12 முதல் இரண்டரை வரை, அப்புறம் மாலை 6 முதல் 9 வரைதான் அடுப்பு எரியும். ஞாயிற்றுக்கிழமை கணக்கே வேறு. அன்று ரோஸ்ட் நாள். வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங் (முட்டை கலந்த மாவில் சுடுவது), கிரேவி என்று மதியம் முழுக்கக் கூட்டம் அள்ளும். 4, 5 மணிக்கெல்லாம் அது தீர்ந்துபோகும், சமையல்காரரும் கிளம்பிவிடுவார். நீங்கள் போனது அந்த நேரத்துக்குத்தான். இன்னொன்று, குழந்தைகளை இரவு 8 அல்லது 9 மணி வரைதான் அனுமதிக்கிற பப்புகள் உண்டு. பலகையில் எழுதியிருப்பார்கள், அதையும் உங்களுக்காக எழுதியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பீருக்கு வருவோம். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் குடித்தது கைப்பம்பில் இழுத்து ஊற்றிய காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பதமாகும் பழைய வகை பீர் என்று ஊகிக்கிறேன். டெர்பி அதற்குப் பேர்போன ஊர். லாகர் என்கிற வெளிர் பீர்தான் ஐஸ் மாதிரி வரும். காஸ்க் ஏலை நிலவறையில் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பார்கள், அந்தக் குளிர்ச்சியில்தான் அதன் சுவை தெரியும் என்பது இவர்கள் கணக்கு. வெளியிலிருந்து வாயுவை ஏற்றுவதில்லை, பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருந்து நொதித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் நுரைப்பு மென்மையாக இருக்கும். 1960களில் பெரிய பீர் ஆலைகள் எல்லாவற்றையும் வாயு ஏற்றிய கெக் பீராக மாற்றிக்கொண்டிருந்தபோது, இந்தப் பழைய முறையைக் காப்பாற்றவென்றே 1971இல் சிலர் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அதுதான் காம்ரா. இன்றுவரை ஆண்டுதோறும் பப் வழிகாட்டிப் புத்தகம் போடுகிறார்கள். பீருக்கு இப்படி ஓர் இயக்கமா என்று சிரிப்பு வரும், அதன் உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அன்று மாலை முழுக்கப் பாடம்தான்.

உயிருள்ள சரக்கு என்பதால் அது கெட்டும் போகும். அரைத்து வைத்த தோசை மாவு மாதிரிதான், பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும். கூட்டமில்லாத பப்பில் ஆறு கைப்பம்பு இருந்தால் அதில் குறைந்தது ரெண்டு புளித்திருக்கும். எனவே வித்தியாசம் இதுதான்: ஐஸாக இல்லை என்பது குறையல்ல. வினிகர் வாடை அடிக்கிறது, ஈர அட்டைப்பெட்டி மாதிரி மணக்கிறது, நிஜமாகவே அறைச் சூட்டில் இருக்கிறது என்றால் அது குறை. அப்போது ரெண்டு வாய்க்கு மேல் குடிக்காமல் கொண்டுபோய், "இது சரியாக இல்லை போலிருக்கிறது, கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். நல்ல பப்பில் வாதமே இருக்காது, முகர்ந்து பார்த்துவிட்டு வேறு ஊற்றித் தருவார்கள், அந்தப் பம்பின் பெயர்ப்பலகையையும் பின்பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். பலகை திரும்பியிருந்தால் அது இப்போது இல்லை என்று அர்த்தம். முக்கால் கிளாஸைக் காலி செய்துவிட்டுப் போய்க் கேட்டால் மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வாங்குவதற்கு முன்பே ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், காஸ்க் ஏலுக்கு அது சகஜம். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. அவ்வளவு வேண்டாமென்றால் அரை பைண்ட் கேளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நுரை பாதி கிளாஸுக்கு நின்றால் மேலே ஊற்றித் தரச் சொல்லலாம். நுரை போக 95 சதவீதமாவது பீர் இருக்க வேண்டும் என்பது தொழிலில் இருப்பவர்களே வைத்துக்கொண்ட அளவு. குடிக்காதவர் என்றால் லைம் அண்ட் சோடாவோ ஆல்கஹால் இல்லாத பீரோ வாங்கிக்கொள்ளுங்கள், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மது விற்கிற இடத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அந்த நாலரை நட்சத்திரம் பொய்யில்லை. ஆனால் யார் போட்டார்கள் என்று பாருங்கள். தினமும் வருகிற பெரியவர் பீருக்கும், தன் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் முதலாளிக்கும் போடுவார். குடும்பமாக வருபவர்கள் ஞாயிறு ரோஸ்ட்டுக்குப் போடுவார்கள். கடுப்பில் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களில் பாதிப்பேர் உங்களைப் போல் மேசையில் காத்திருந்தவர்கள். நான் நட்சத்திரத்தைவிடத் தேதியைத்தான் பார்ப்பேன். பல பப்புகளின் கட்டடம் ஆலைக்கோ பெரிய கம்பெனிக்கோ சொந்தம், நடத்துபவர் குத்தகைக்காரர். அவர் மாறினால் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், சமையல்காரர் மாறியிருப்பார், பாராட்டெல்லாம் பழைய ஆளுக்கானதாக இருக்கும். வாசலில் காஸ்க் மார்க் பலகை இருந்தால் பீரின் சூட்டையும் சுவையையும் சொல்லாமல் வந்து சோதித்திருக்கிறார்கள் என்று பொருள், அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. சாப்பாட்டுக்கு 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் உண்டு. வேல்ஸில் அதை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஒட்டாத கடை என்றால் உணவுத் தர முகமையின் தளத்தில் நானே தேடிப் பார்த்துவிடுவேன். அதுவும் சுத்தத்துக்குத்தான், ருசிக்கு இல்லை.

டிப்ஸ்: பாரில் தேவையில்லை. மனம் நிறைந்திருந்தால், "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். மேசைக்கு வந்து பரிமாறும் இடங்களில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருப்பார்கள், விருப்பத்துக்குரியது என்று போட்டிருந்தால் பிடிக்காதபோது எடுத்துவிடச் சொல்லலாம். 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுக்க ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆபீஸ் நண்பர்களோடு போனால் முறை வைத்து, ஒவ்வொருவரும் எல்லோருக்குமாக ஒரு ரவுண்டு வாங்குவார்கள். வாங்கிக் குடித்துவிட்டு நம் முறை வரும்போது நழுவினால் அதை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள். வேண்டாமென்றால் முதலிலேயே, "என்னுடையதை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது நிறம். உங்கள் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1960களில் இந்த நாட்டில் பல பப்புகள் நம்மவர்களையும் கறுப்பினத்தவர்களையும் உள்ளே விடவில்லை, விட்டாலும் தனி அறையில் நிற்க வைத்தார்கள். நான் இருக்கும் பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெத்விக் அதற்கே பேர் வாங்கிய ஊர். அமெரிக்காவிலிருந்து கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரியில் அங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். அதே ஆண்டு இறுதியில் வந்த இன உறவுச் சட்டம்தான் பப் போன்ற பொது இடங்களில் நிறம் பார்ப்பதை முதன்முதலில் தடுத்தது. இப்போது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. பப்காரர் யாரையும் வெளியே போகச் சொல்லலாம், ஆனால் இனம், நிறம், மதம் அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது.

எனக்கு நடந்ததும் உண்டு. ஒரு சிறிய ஊரில், கால்பந்து ஆட்டம் நடந்த நாளில், எனக்கு அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு என் முகத்தைத் தாண்டியே பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர். அது வழக்கமில்லை என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. நீங்கள் கவனிக்க வேண்டியதும் அதைத்தான்: பின்னால் வந்தவர்களுக்கு முதலில் கிடைக்கிறதா? மற்றவர்களிடம் கேட்காத முன்பணத்தை உங்களிடம் மட்டும் கேட்கிறார்களா? முன்பதிவு என்று சொன்ன மேசை அடுத்து வருபவருக்குப் போகிறதா? அப்படியென்றால் மேனேஜரைக் கூப்பிடுங்கள். தேதி, நேரம் குறித்துக்கொண்டு அந்தப் பப் யாருக்குச் சொந்தமோ அந்தக் கம்பெனிக்கு எழுதுங்கள். அங்கேயே சண்டை வேண்டாம், குடித்திருப்பவர்கள் நடுவில் அது நமக்கு நல்லதில்லை. அதே சமயம், நுழையும்போது நாலு தலை திரும்பிப் பார்ப்பதை இதில் சேர்க்காதீர்கள், தெரியாத முகம் யாருடையதாக இருந்தாலும் திரும்பும். அடையாள அட்டை கேட்பதையும்தான். 25 வயதுக்குள் தெரிகிற எல்லோரிடமும் கேட்பது இங்கே நடைமுறை, உங்களிடம் கேட்டால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

மாமனாரைத் தாராளமாக அழைத்துப் போகலாம், ஆனால் சைவத்தில் ஏமாற நிறைய வழி உண்டு. சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிற இடங்கள் இருக்கின்றன, மீன் பொரித்த அதே எண்ணெயில் போடுவது அதைவிட சகஜம். யார்க்‌ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு, சில இடங்களில் அதையும் இறைச்சிக் கொழுப்பில்தான் சுடுவார்கள். காய்கறி ரோஸ்ட் கேட்டாலும் மேலே ஊற்றும் கிரேவி இறைச்சிச் சாறாக இருக்கலாம். காஸ்க் ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் போடுகிற ஆலைகள் இன்னும் உண்டு. மாமனார் குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பாரில் கேட்டால் கிச்சனில் விசாரித்துச் சொல்வார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

அவருக்கு நான் சொல்லும் இடம் வேறு. ஒரு காலத்தில் நம்மவர்களை வாசலில் நிறுத்திய ஸ்மெத்விக், வெஸ்ட் பிராம்விச் பக்கத்தில் இன்று பல பப்புகளைப் பஞ்சாபிகள் நடத்துகிறார்கள். தேசி பப் என்பார்கள். வார்ப்பாலையில் வேலை பார்த்த தலைமுறைக்கு அப்புறம் வந்தவர்கள் எடுத்து நடத்துவது. ஒரு பக்கம் கைப்பம்பு, இன்னொரு பக்கம் தந்தூரிப் புகை, எல்லா நிறத்து ஆட்களும் ஒரே மேசையில் மிக்ஸட் கிரில்லைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். பன்னீர் டிக்கா, நான் என்று சைவத்துக்குக் குறைவிருக்காது. டெர்பியிலிருந்து ரயிலில் பர்மிங்காம் வந்து, அங்கிருந்து டிராம் பிடித்தால் போதும். வெஸ்ட் பிராம் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடுகிற நாளா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள், அன்று உட்கார இடம் கிடைக்காது.