‘சு’ வேறு, ‘ச’ வேறு

கேள்வி: ஐயா, தென்மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். கல்லூரியில் பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் 22 நாள் இருக்கிறது. அதற்கான பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். என் இனிஷியல் ‘சு’. தமிழில் ‘ச’ என்று இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் சொன்னால், “இங்கிலீஷ்ல சரியாத்தானேம்மா இருக்கு, விடு” என்கிறார்கள். விடாமல் கேட்டதற்கு, “யுனிவர்சிட்டியில போய்க் கேளு.” இரண்டு பஸ் மாறிப் போனேன். “காலேஜ் மூலமாத்தான் வரணும்” என்றார்கள். இரண்டாம் முறை, “அந்த சீட் லீவு.” மூன்றாம் முறை சாப்பாட்டு நேரம். கவுண்ட்டரிலேயே அழுதுவிட்டேன். இது போதாதென்று, நூலகத்தில் ஒரு புத்தகம் நான் தரவில்லை என்று நோ டியூஸில் (பாக்கி எதுவும் இல்லை என்ற படிவத்தில்) கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். தந்துவிட்டேன், சத்தியமாக. நோ டியூஸ் இல்லாமல் விழாவுக்குப் பதிய முடியாதாம். அம்மா புடவை எடுத்து வைத்துவிட்டார். பேசாமல் விழாவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் எழுதிவிடலாமா?
– பெயர், ஊர் வேண்டாம்

பதில்: மகளே, நீ நின்று அழுதாயே, அப்படியொரு கவுண்ட்டருக்கு உள்பக்கம் 31 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். வேறொரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். “அந்த சீட் லீவு” என்று நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேனோ, கணக்கில்லை. அந்தப் பாவத்தில் ஒரு பங்கை இன்றைக்குக் கழித்துக்கொள்கிறேன். ஒருவர் லீவில் போனால் அவர் வேலையைப் பக்கத்து சீட்டுக்குப் பொறுப்பாகக் கொடுத்திருப்பார்கள். பல நேரம் “லீவு” என்று சொல்கிறவரே அந்தப் பொறுப்பில் இருப்பவர்தான். அடுத்த முறை, “பொறுப்பு யார் சார் பாக்குறாங்க?” என்று மெதுவாகக் கேட்டுப் பார். முகம் மாறும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள். விழா வேறு, சான்றிதழ் வேறு. உன்னை அலைக்கழித்தவர்கள் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள், நீயும் அப்படியே நம்பிவிட்டாய். பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் வேந்தர் கையால் வாங்குவது பெரும்பாலும் முனைவர் பட்டம் பெறுகிறவர்களும் ரேங்க் எடுத்தவர்களும்தான். மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு வராமலே பட்டம். அவர்களின் சான்றிதழ் கட்டுக்கட்டாகக் கல்லூரிக்கு வரும். அதை வைத்துக் கல்லூரி தன் அரங்கத்தில் நடத்துவதுதான் உன் விழா. அதற்குப் பதிவு செய்வதும் நோ டியூஸும் கல்லூரி முதல்வர் கையில் இருக்கிற காரியம். ‘சு’வைத் திருத்துவது பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையில். ஒன்றுக்கு அலையும்போது இன்னொன்றைப் பேசாதே. கவுண்ட்டரில் இரண்டு குறையைச் சேர்த்துச் சொன்னால், கேட்கிறவர் தனக்குச் சம்பந்தமில்லாததை மட்டும் பிடித்துக்கொண்டு உன்னை அனுப்பிவிடுவார். நானும் அதைத்தான் செய்தேன்.

இப்போது ‘சு’. “இங்கிலீஷ்ல சரியா இருக்கு, விடு” என்று சொன்னவருக்கு என் சார்பில் ஒரு குட்டு. ஆங்கிலத்தில் எஸ் ஒன்றுதான். தமிழில் அது ச, சா, சி, சு, செ, சோ, ஏன், ஷ-வாகக்கூட இருக்கலாம். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பச் சொல்லிவிட்டு, தமிழ்ப் பெயரை அதிலிருந்து மென்பொருள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு வருடம் ஒரு கல்லூரியின் பட்டியலில் எம் இனிஷியல் உள்ள அத்தனை பேரும் ‘ம’ ஆகி வந்தார்கள். முருகேசன் மகனும் மாரியப்பன் மகளும் மீனாட்சிசுந்தரம் மகனும் ஒரே ‘ம’. சரிபார்த்துக் கல்லூரி முத்திரை குத்தி அனுப்பியிருந்தது. அச்சாகும் முன் நாங்கள் பார்த்தோம் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். பார்க்கவில்லை. அச்சாகி, கொடுத்து, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பெயரின் முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு அரசாணை போட்டிருக்கிறது. அதை எழுத்துப்பிழையோடு எழுதச் சொல்லவில்லை.

இன்றைக்கு இது கணினியில் ஓர் எழுத்து. அச்சான பிறகு தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், மூலச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பு. விழாத் தேதி குறித்ததும் தேர்வுப் பிரிவில் ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை ஒரே ஓட்டத்தில் அடிப்பார்கள். அச்சுக்குப் பட்டியல் போய்விட்டால் யார் சொன்னாலும் நிறுத்துவது கஷ்டம். ஆகவே நாளைக்கே செய்ய வேண்டியது இதுதான்.

அழுவது, கெஞ்சுவது, சண்டை எதுவும் கோப்பில் ஏறாது. காகிதம் மட்டும்தான் ஏறும். ஒரு வெள்ளைத் தாள். அனுப்புநர், பெறுநர் எழுதி, “பொருள்: பட்டச் சான்றிதழ் – தமிழ்ப் பெயரின் முதலெழுத்து ‘ச’ என்பதை ‘சு’ எனத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.” கீழே பதிவெண், பாடம், படித்த ஆண்டுகள். அப்புறம் நாலே வரி. ‘நான் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள்’ என்று ஆரம்பிக்காதே. அந்த வரியைப் படித்ததுமே உதவியாளருக்குப் பக்கம் திருப்பத் தோன்றும். உன் பெயர் தமிழில் அச்சாகியிருக்கிற பள்ளிச் சான்றிதழின் நகலை இணை. தன்னொப்பம் போடு. அதில் ‘சு’ இருக்கிற இடத்தைப் பென்சிலால் வட்டமிடு. பார்க்கிறவர் தேட வேண்டியிருந்தால் அந்தத் தாள் கட்டின் அடிக்குப் போய்விடும்.

பெறுநர் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். ‘வழி’ என்று போட்டுக் கல்லூரி முதல்வர். அவர் பரிந்துரைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட்டால், “காலேஜ் மூலமா வரணும்” என்ற கதவு மூடிவிடுகிறது. கல்லூரியே தபாலில் அனுப்பிக்கொள்ளும் என்று சொன்னால் தலையாட்டு, ஆனால் கையெழுத்தான தாளின் ஒரு நகலை நீயே கொண்டு போ. பல்கலைக்கழகத்தில் நேரே சீட்டுக்குப் போகாதே. தபால் பிரிவுக்குப் போ. உன் மனுவை வாங்கிக்கொண்டு, நீ வைத்திருக்கிற நகலில் தேதி முத்திரை குத்தி ஓர் எண் எழுதித் தருவார்கள். அந்த எண்தான் உன் சாமி. மூன்று முறை போயும் உன் வேலை நடக்காததற்கு ஒரே காரணம், அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை நீ ஒருமுறைகூட வரவில்லை. எந்தப் பதிவேட்டிலும் உன் பெயர் இல்லை. எண் வாங்கிய பிறகு, “இந்த எண் எந்த சீட்டுக்குப் போயிருக்கு?” என்று மட்டும் கேள். சீட்டுக்கு வந்த தாளுக்கு நோட் போட்டாக வேண்டும், மேலே அனுப்பியாக வேண்டும். தொலைத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

திங்கட்கிழமை போகாதே, இரண்டு நாள் தபால் குவிந்திருக்கும். செவ்வாய் முதல் வியாழன்வரை, காலை பத்தரைக்கு அங்கே இரு. பதினொன்றுக்கு டீ. கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ஒருவர், “ஐந்நூறு கொடும்மா, நான் முடிச்சுத் தர்றேன்” என்று வருவார். வேண்டாம். அவரும் இதே தபால் பிரிவு ஜன்னலில்தான் கொடுக்கப் போகிறார்.

நூலகப் புத்தகத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு அவள் கல்லூரியில் இதே கதை நடந்தது. புத்தகம் வரவில்லை, விலையும் அபராதமும் கட்டு என்றார்கள். கட்டிவிடலாம் என்றுதான் நானும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பதிவேட்டிலிருந்து அந்தப் புத்தகத்தின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, நூலக உதவியாளர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அடுக்குக்குப் போனாள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதற்குக் கீழ்த் தட்டில், முதுகு உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் அவளுக்குப் பிறகு இன்னொரு பையன் எடுத்துத் திருப்பியதற்கு முத்திரை வேறு! திருப்பிய அன்று அவள் கணக்கில் வரவு வைக்க மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த உதவியாளர் அம்மா சிரித்துவிட்டு, “அய்யய்யோ, வா கண்ணு” என்று உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நீயும் முதலில் அடுக்கைத் தேடு. கிடைக்கவில்லையென்றால், உனக்குப் பிறகு யார் பெயரிலாவது அந்த எண் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல். அதுவும் இல்லையென்றால், புத்தகம் சில நூறு ரூபாய்க்குள் இருந்தால், ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து, பணத்தைக் கட்டி ரசீது வாங்கு. இது அநியாயம்தான். ஆனால் 22 நாளில் எல்லா அநியாயத்தையும் நிமிர்த்த முடியாது. ‘சு’வுக்காகச் சண்டையை மிச்சம் வை. சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பாக்கி வசூலிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உண்மை. ஒரு புத்தகத்துக்காக அதுவரை போக வேண்டாம் என்பது என் கட்சி.

மனு கொடுத்து ஒரு வாரம் ஆகியும் அசையவில்லையா? 2023-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். குழு 15 வேலைநாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தியில்லையென்றால் 15 நாளுக்குள் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு. கணக்குப் போட்டுப் பார்: 15 வேலைநாள் என்றால் சனி ஞாயிறு சேர்த்து மூன்று வாரம், உன் விழாவே வந்துவிடும். அதனால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் அந்தக் குழுவுக்கும் ஒரு நகலை நாளைக்கே அனுப்பி வைப்பது நல்லது. 1100-க்கு அழைத்து, முதலமைச்சருக்கு மனு கொடுக்கும் ‘முதல்வரின் முகவரி’யில் பதியலாம். பலர் அதைக் கேலி செய்வார்கள், சுற்றி அதே சீட்டுக்குத்தானே வரும் என்று. வரும்தான். ஆனால் பதில் எழுதி முடித்து வைக்க வேண்டிய தாளாக வரும். அப்படி வந்த தாளைக் கட்டின் அடியில் வைக்க எங்களுக்குக் கை வராது. தகவல் உரிமைச் சட்டம் பத்து ரூபாயில் முடிகிற நல்ல ஆயுதம், ஆனால் பதிலுக்கு 30 நாள் என்பதால் இந்த அவசரத்துக்கு உதவாது. பட்டத்தைத் தகுதி பெற வேண்டிய தேதியிலிருந்து 180 நாளுக்குள் வழங்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு யுஜிசி விதி ஒன்றும் இருக்கிறது. திருத்தம் இழுத்தடித்தால் அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்.

ஃபேஸ்புக்? பொய் சொல்ல மாட்டேன், சில நேரம் வேலை செய்யும். ஆனால் நீ எழுதியதும் அலுவலகத்தில் முதலில் தேடுவது உன் மனுவை. ‘அப்படி எந்த மனுவும் பெறப்படவில்லை’ என்று ஒரு வரியில் உன்னைப் பொய்யாக்கிவிடுவார்கள். முத்திரை குத்திய நகல் கையில் இல்லாமல் எழுதாதே. இருந்தால், எழுத வேண்டிய தேவையே அனேகமாக வராது. எழுதினாலும் கவுண்ட்டரில் இருந்தவரின் பெயரையோ படத்தையோ போடாதே.

கடைசியில் உன் உண்மையான கேள்வி. விழாவை விடாதே. திருத்தம் முடியாவிட்டாலும் போ. நான் போய்வந்த கல்லூரி விழாக்கள் பலவற்றில் மேடையில் கொடுத்தது ரிப்பன் கட்டிய வெறும் அட்டைக் கோப்புதான். உண்மையான சான்றிதழைப் பிறகு ஒரு மேசையில் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். உங்கள் கல்லூரியில் எப்படி என்று விசாரித்துக்கொள். அந்த மேசையில் ‘ச’ போட்ட சான்றிதழ் வந்தால், வாங்கும் பதிவேட்டில் சும்மா கையெழுத்துப் போடாதே. பக்கத்திலேயே ‘முதலெழுத்துப் பிழை, திருத்தக் கோரியுள்ளேன்’ என்று எழுதி, உன் மனு எண்ணையும் தேதியையும் போடு. வேலைக்கோ மேற்படிப்புக்கோ அதுவரை தற்காலிகச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் போதும். அவற்றிலும் தமிழ்ப் பெயர் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடு.

அம்மாவுக்கு நுழைவுச் சீட்டு உண்டா, ஒருவருக்கா இரண்டு பேருக்கா என்று பதியும்போதே கேட்டு வாங்கிவிடு. கடைசி நாளில் கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். நூலகத்தில் புத்தகம் எந்தத் தட்டில் கிடைத்தது என்று எனக்கு ஒரு வரி எழுது.