பெடல் ஸ்டீலுக்கு எந்த ஆம்ப்?

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் இருக்கிறேன். பத்துத் தந்தி பெடல் ஸ்டீல் கிட்டார், ஈ9 என்கிற சுருதி அமைப்பு (ட்யூனிங்). என்னிடம் இருக்கும் 15 வாட்ஸ் ட்யூப் ஆம்ப் வீட்டில் அருமையாக ஒலிக்கிறது. நண்பர்களின் கன்ட்ரி பேண்டில் டிரம்ஸோடு வாசித்தால் ஒலி கரகரவென்று உடைந்துவிடுகிறது. 40 வாட்ஸ் போதும் என்கிறார் கடைக்காரர். 500 டாலருக்குள் என்ன வாங்கலாம்?

பதில்: சாதாரண எலக்ட்ரிக் கிட்டாருக்குக் கடைக்காரர் சொன்னது சரி. அதை வாசிப்பவர்கள் ஆம்பின் ஒலி கொஞ்சம் உடைந்து உறுமுவதைத்தான் விரும்புகிறார்கள். ஸ்டீலுக்கு அது ஆகாது. அதைக் கிடையாக வைத்து, தந்திகள் மேல் பார் என்கிற உலோகத் துண்டை நகர்த்தி, காலால் பெடல்களை மிதித்துச் சுருதியை மாற்றி வாசிக்கிறோம். மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டிவிட்டு பெடலை மிதிக்கிறீர்கள். ஒரு சுரம் மட்டும் வழுக்கி மேலே ஏறுகிறது, மற்றவை அசையாமல் நிற்கின்றன. இந்த வாத்தியத்தின் அழகே அதுதான். ஆம்பின் ஒலி உடைந்தால் அந்தச் சுரங்கள் ஒன்றோடொன்று கலங்கி, சுருதி சுத்தமாக இருந்தாலும் அபசுரம் போலக் கேட்கும்.

அடுத்தது உங்கள் வலது கால். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலைப் பாதியில் வைத்து மீட்டி, ஒலி தேயத் தேய மெல்ல அழுத்திக்கொண்டே போகிறீர்கள். அதற்கு ஆம்பைத் தாராளமாகத் திறந்து வைத்தாக வேண்டும். பாதம் அழுந்தியிருக்கும்போதே அடுத்த சுரத்தை மீட்டிவிட்டால், முழு பலமும் ஒரே அடியாக ஆம்புக்குள் இறங்கும். அந்த அடியைத் தாங்குகிற ஆம்ப்தான் உங்களுக்கு வேண்டும். அதிக வாட்ஸ் கேட்பது காதைப் பிளக்க அல்ல.

15 வாட்ஸிலிருந்து 40-க்குப் போனால் கிடைப்பது நாலு டெசிபெல் சொச்சம்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவே ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஸ்டீல் வாசிப்பவர்கள் 85 வாட்ஸ் ஃபெண்டர் ட்வின் ரிவர்பை அவ்வளவு காலம் சுமந்து திரிந்தது இதனால்தான். அப்புறம் பீவி நிறுவனம் எழுபதுகளில் செஷன் 400, அதன் பிறகு நாஷ்வில் 400 என்று ஸ்டீலுக்காகவே ட்ரான்சிஸ்டர் ஆம்ப்களைக் கொண்டுவந்தது. 200 வாட்ஸ் அளவு பலம், 15 அங்குல ஸ்பீக்கர்.

உங்கள் பணத்துக்கு என் முதல் சிபாரிசு, நல்ல நிலையில் உள்ள பழைய நாஷ்வில் 400. பெட்டி நல்ல கனம். தூக்கிச் சுமக்க முடியாதென்றால் 80 வாட்ஸ், 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட நாஷ்வில் 112 பாருங்கள். ஈ9-இன் கடைசித் தந்தி 123 ஹெர்ட்ஸ்தான், அதற்கு 12 அங்குலம் தாராளம். பின்னால் சி6 கழுத்தும் (சி6 சுருதியில் அமைந்த இரண்டாவது தந்தி வரிசை) சேர்க்கும் எண்ணம் இருந்தால், அது 65 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அப்போது 15 அங்குலத்தின் அருமை தெரியும். ஃபெண்டரின் எடை குறைந்த டோன் மாஸ்டர் ட்வின் நல்ல ஆம்ப்தான், புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும்.

நாஷ்வில் இரண்டுமே அகப்படவில்லையென்றால் பேஸ் கிட்டார் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்றை முயன்று பார்க்கலாம். கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை அணைக்க வசதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் பிக்கின் சுரண்டலும் பார் உரசுவதும் ஊசியாகக் குத்தும். கீபோர்டு ஆம்ப்களிலும் இதே தொல்லைதான்.

பழையது வாங்கப் போகும்போது ஸ்டீலையும் வால்யூம் பெடலையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். கடையில் கிடக்கும் கிட்டாரைச் செருகிப் பார்ப்பதில் பயனில்லை. ஒன்றும் வாசிக்காமல் ஆம்பை ஓடவிட்டு முதலில் கேளுங்கள்: கனத்த உறுமல் இருந்தால் மின்தேக்கிகள் வயதாகியிருக்கலாம், மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது ஒலி திடீரென்று அமுங்கி, பிறகு தானாக மீண்டால் பயந்து திரும்பிவிட வேண்டாம். ஆம்பில் ‘ப்ரீஆம்ப் அவுட்’, ‘பவர் ஆம்ப் இன்’ என்ற இரண்டு ஜாக்குகளையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். ஒலி நிலைத்துவிட்டால், கோளாறு அந்த ஜாக்கின் உள்ளே படிந்த அழுக்குதான்; கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஒலி மூக்கடைத்தாற்போல இருந்தாலும் உடனே ஆம்பை ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்டீலின் பிக்கப்பில் நடு அலைவரிசை கூடுதலாகவே வரும். நாஷ்வில் 400-இல் மிட் என்கிற அந்த நடு அலைவரிசைக்கும், அதை எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்கும் தனித்தனி நாப் உண்டு. 800 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து நன்றாகக் குறையுங்கள். ட்ரெபிளைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அப்புறம் பன்னிரண்டாம் கட்டையில் மூன்றாம் தந்தியை, பாதி அழுத்திய பெடலோடு ஒரு முறையும் முழுக்க அழுத்தி ஒரு முறையும் மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே குணத்தோடு வந்து, சத்தம் மட்டும் கூடினால் தாராளமாகப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.