சாமி, கூலி, காசு

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் மதுரைப் பக்கம். ஜோகன்னஸ்பர்கில் வேலை, லெனேசியாவில் குடியிருக்கிறோம். ‘தமிழிலிருந்து பிறந்த 100 ஆங்கிலச் சொற்கள்’ என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு பட்டியல் வந்தது. ஒன் – ஒன்று, கில் – கொல், கேஷ் – காசு, ரைஸ் – அரிசி, அப்புறம் கட்டமரான், கூலி, பரையா என்று போகிறது. ஏழாவது படிக்கும் என் மகளுக்குத் தமிழ் என்றாலே சலிப்பு. பெருமைப்படுவாள் என்று இதைக் காட்டினேன். ‘ரைஸ் நிஜமாவே அரிசிதானாப்பா?’ என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்ல?

கே., லெனேசியா

அன்புள்ள கே.,

அந்தப் பட்டியல் எனக்கும் வந்தது, ஒரே வாரத்தில் மூன்று பேரிடமிருந்து. மூன்றாவது ஆள் என் தங்கை மகன், டர்பனில் இன்ஜினியர், ‘மாமா, பாத்தீங்களா!’ என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டு அனுப்பியிருந்தான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்து பாதியில் விட்டிருந்தேன். அந்தக் கோபமெல்லாம் இப்போது உங்கள் தலையில் விடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஒன்’ ஒன்று இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ஜெர்மனில் ஐன், லத்தீனில் ஊனுஸ், எல்லாம் ஒரே குடும்பம். முன்னால் இருக்கும் அந்த ‘வ’ ஓசை ரொம்பப் பின்னால் ஒட்டிக்கொண்டது. ‘அலோன்’ என்ற சொல்லில் அது ஒட்டவில்லை பாருங்கள். அது ‘ஆல்’, ‘ஒன்’ இரண்டும் சேர்ந்து ஆனது. கில்லுக்கும் கொல்லுக்கும் ஓசை முட்டுகிறது, அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். கேஷ் கொஞ்சம் வேடிக்கை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் உண்டு. கடையில் எண்ணிக் கொடுக்கிற கேஷ் பிரெஞ்சு, இத்தாலி வழியாகப் பணப்பெட்டியைக் குறித்து வந்தது. இன்னொன்று கிழக்கு நாடுகளில் புழங்கிய சில்லறை நாணயத்தின் பெயர். அதுதான் நம்முடைய காசு, போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து போனது. பட்டியல்காரருக்கு இரண்டும் ஒன்று. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் இதெல்லாம் சந்தேகமில்லாமல் நம்மிடமிருந்து போனவை. சரி.

ஆனால் கூலியை எப்படி ஐயா கட்டுமரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்?

என் தாத்தா காய்கறிக்காரர். காவடி மாதிரி தோளில் ஒரு கம்பு, இரண்டு முனையிலும் கூடை, அதோடு டர்பனில் பெரியா மேட்டில் வெள்ளைக்காரர் தெருக்களில் ஏறுவார். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு இருக்கும், சின்ன வயதில் அதை அமுக்கிப் பார்ப்பது எனக்கு விளையாட்டு. பள்ளி இல்லாத நாளில் தராசைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன். முன்வாசல் பக்கம் போகக்கூடாது, சமையலறைக் கதவுதான். அம்மணி உள்ளேயிருந்து ‘சாமி!’ என்று குரல் கொடுப்பாள். தாத்தாவின் பெயர் சாமியில் முடிவது அவளுக்குத் தெரிந்து அல்ல. எந்த இந்தியக் காய்கறிக்காரனும் அவர்களுக்குச் சாமிதான். ராமசாமி, முனுசாமி என்று நம் பெயர்களின் வாலைப் பிடித்து வெட்டி எடுத்த சொல். தாத்தா கூடையை இறக்கி வைத்துச் சிரித்த முகமாகத் தமிழில் சொல்வார்: ‘சாமி வந்துருக்கேன், கும்பிட்டு வாங்கிக்கோ தாயி.’ வந்தனம் சொல்கிறார் என்று நினைத்து அவளும் சிரிப்பாள். தராசு ஆடும் அளவுக்கு எனக்குச் சிரிப்பு வரும்.

காந்தி 1893இல் டர்பனில் வந்து இறங்கியவர், தன் சுயசரிதையில் இந்தச் சாமியைப் பற்றி எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உனக்கு எஜமான் இல்லையே என்று நம்மவர்கள் திருப்பிக் கேட்பார்களாம், கேட்ட வெள்ளைக்காரர்களில் சிலருக்கு முகம் சுருங்குமாம். தாத்தா அதைப் படித்தவர் இல்லை. அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும்.

அதே தாத்தாவை ஒருநாள் லைசென்ஸ் புதுப்பிக்கிற அலுவலகத்தில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பையன், என் அண்ணன் வயதுதான் இருக்கும், ‘கூலி, தள்ளி நில்’ என்றான். தமிழில் ஏதாவது சொல்வார், சிரிக்கலாம் என்று நான் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தள்ளி நின்றார். வீட்டுக்கு வந்த பிறகு ஆயாவிடம், ‘எங்கப்பன் கூலி கேட்டதுக்கு அடி வாங்கினவன். இவன் என்னையே கூலிங்கிறான்’ என்றார். எனக்கு அது விளங்க இருபது வருஷம் ஆயிற்று.

கூலி என்றால் என்ன? செய்த வேலைக்கு வர வேண்டிய காசு. ஆள் வேறு, கூலி வேறு. ஆளைச் சொல்ல கூலியாள், கூலிக்காரன் என்று நமக்கு முழுச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆள் காணாமல் போய், கூலியே ஆளுக்குப் பெயராகிவிட்டது. (நம்மூர் ரயில் நிலையத்திலும் ‘ஏ கூலி’ என்று கூப்பிட்டவர்கள்தானே நாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.) டர்பன் இருக்கிற நேட்டாலில், கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு முதல் வருஷம் மாதத்துக்கு 10 ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல் என்று ஒப்பந்தம். 1860இல் வந்தவர்களில் சிலர் பத்து வருஷம் கழித்து ஊர் திரும்பி, அடியும் கூலிப் பாக்கியும் பற்றி முறையிட்டதால்தான் 1872இல் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். கமிஷனின் பெயரே ‘கூலி கமிஷன்’! உங்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கம், அப்போதைய டிரான்ஸ்வாலில் 1885ஆம் வருஷத்துச் சட்டத்தில் ‘கூலிகள் எனப்படுவோர்’ என்றே அச்சடித்திருக்கிறது. கூலி கொடுக்காதவன் அந்தச் சொல்லையே எடுத்து நம் பெயராக வைத்தான். இதைத்தான் உங்கள் பட்டியல் ‘தமிழன் ஆங்கிலத்துக்குத் தந்த கொடை’ என்கிறது.

இத்தனைக்கும் வேர் நம்முடையதுதான் என்று முடிவாகவும் இல்லை. குஜராத்துக் கோலி என்ற சமூகப் பெயரிலிருந்து வந்தது என்கிறவர்கள் உண்டு, இரண்டும் கலந்தது என்கிறவர்களும் உண்டு. பரையாவைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. ஒரு சமூகத்தை நாம் தள்ளிவைத்த லட்சணத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் அந்தச் சொல்லைத் ‘தள்ளப்பட்டவன்’ என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொண்டான். அதற்கும் பட்டியலில் ஒரு கைதட்டல் படம்.

உங்கள் கடிதத்தை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்டது அரிசி. ரைஸ் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, அதற்கு முன் இத்தாலி, லத்தீன், கிரேக்கத்து ‘ஒரூசா’ என்று சங்கிலி நன்றாகவே தெரிகிறது. கிரேக்கர் அதைப் பாரசீகப் பக்கத்து மொழி ஒன்றிலிருந்து வாங்கினார்கள் என்பதுதான் இன்று பலருடைய கட்சி. அரிசிதான் மூலம் என்பதும் பழைய கட்சிதான், ஆனால் கொஞ்சம் இளைத்துவிட்டது. பாப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள். உங்களையே மடக்கிக் கேட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. டிசம்பர் விடுமுறையில் டர்பன் பக்கம் வந்தால் அழைத்து வாருங்கள், தாத்தாவின் கம்பு என் கராஜில்தான் சாத்தியிருக்கிறது, தூக்கிப் பார்க்கட்டும்.